பார்த்துக்கொள்பவர் யார்?

ஜூன் 9, திங்கள்

மழை விடவில்லை. சஜியின் சட்டைகள் ஒன்றுகூடக் காயவில்லை. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பானூர் லாட்ஜுக்கு வேலைக்குப் போனான். நானும் ஈரக் காலோடுதான் இன்றைய வீட்டுக்குள் நுழைந்தேன்.

புது வீடு. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. குற்றாலலிங்கம், எழுபதைத் தாண்டியவர். தென்காசியிலிருந்து வந்து பூட்டு, கீல், ஆணி விற்கும் கடை வைத்தவர். மறதி நோய் முற்றியதும் கடை மகன் மஹேஷ் கைக்குப் போய்விட்டது. மகன் குடும்பத்தோடு கழக்கூட்டத்தில். இந்த வீட்டில் பெரியவரும் மனைவி செண்பகவல்லியும் மட்டும்.

எங்கள் மறதி நோய் மையத்தில் நோயாளிகளைச் சோதிப்பது டாக்டர் சுப்ரியா மேடத்தின் வேலை. அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களைச் சோதிப்பது என் வேலை. எப்படி ஊட்டுகிறார்கள், எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டால் என்ன பதில் சொல்கிறார்கள் - பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். தேறாதவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நான் மார்த்தாண்டத்துக்காரி என்பதால் தமிழ் பேசுகிற வீடுகள் எல்லாம் என் தலையில்.

செண்பகவல்லியம்மா தேறவில்லை. எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை சாயங்காலம் என்று தெரியவில்லை. டீ கொடுத்துக் காட்டச் சொன்னேன். நின்றபடியே டம்ளரை நீட்டினார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப வேண்டாமாம்" என்று டம்ளரைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். கடையைப் பூட்டியாச்சா என்று அவர் கேட்டதற்கு, "உங்களுக்கு ஏது கடை? அது மகன் கைக்குப் போயி எத்தன காலமாச்சு" என்று எதிர்வாதம். பெரியவர் எழுந்து சாவியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

இதுவரை சாதாரணம். இப்படி எத்தனையோ வீடுகள் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பெரியவருடைய உடம்பு? நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது. முதுகில், இடுப்பில் ஒரு சிவப்புத் தடம் இல்லை. முகம் வழித்து மீசையை ஒதுக்கியிருக்கிறது. குதிகாலில் எண்ணெய்ப் பளபளப்பு. சட்டையில் பித்தான்களை எடுத்துவிட்டு அழுத்தினால் ஒட்டுகிற பட்டை தைத்திருக்கிறது. டீ டம்ளரைக்கூடச் சரியாக நீட்டத் தெரியாத கை செய்த வேலையா இது?

உதவிக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"யாருமில்ல சிஸ்டர். நாந்தான் எல்லாம் பாக்கேன்."

என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

குறைந்த மதிப்பெண் போட்டு வகுப்பில் சேர்த்துவிடு, அதோடு வேலை முடிந்தது என்கிறார் சுப்ரியா மேடம். முடியவில்லையே.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லாமல் போனேன், மத்தியானத்துக்கு மேல். கதவைத் திறக்க நெடுநேரம் ஆயிற்று. உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம். பின்வாசல் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது - கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா?

பெரியவர் நல்ல தூக்கம். பகலில் இப்படித் தூங்குகிறவர்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது தூக்க மாத்திரையைத்தான். கேட்டேன். கொடுப்பதில்லை என்றார். தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல அடுக்களைப் பக்கம் நடந்தேன், என் வழியை மறித்து நின்றார். அவர் தோளுக்கு மேலே தெரிந்தது: பின்வாசல் ஓரத்தில் விரித்து வைத்த ஒரு குடை, சொட்டிக்கொண்டு. அவர் சேலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அப்போது பெரியவர் கண் விழித்தார். மனைவியைப் பார்த்து, பயந்தவர் போலச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, "ராகே" என்றார். தெளிவாகவே சொன்னார். மறுபடியும், "ராகே."

"ராகி கேக்காக. கஞ்சி" என்றார் செண்பகவல்லியம்மா, சட்டென்று.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. தென்காசிக்காரர்கள் வாயில் அது கேப்பை அல்லவா? இந்த அம்மாவே போன தடவை 'கேப்பைக் கூழ்' என்றுதான் சொன்னார். ராகி எங்கிருந்து வந்தது?

என்னவோ மறைக்கிறார்.

ஜூன் 18, புதன்

எனக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்க வேண்டுமாம், சஜி சொல்கிறான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சட்டைப்பையைப் பார்க்காமல் நான் துணி துவைத்ததே இல்லையாம். பழக்கம்தான், அதற்கென்ன?

சந்தேகப்படுவது என் வேலையில் பாதி. வாய் திறந்து சொல்ல முடியாத மனிதர்கள் அவர்கள். அவர்களுக்காக வேறு யார் சந்தேகப்படுவது?

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா தெரியவில்லை.

அந்த வீட்டுப் பின்பக்கம் ஒரு குறுகலான வழி, கயிற்றுக் கிடங்கையும் டீக்கடையையும் ஒட்டிப் போகிறது. டீக்கடையில் உட்கார்ந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, கிடங்கில் சுமை இறக்கியவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். காட்டன் சேலை, கையில் தூக்குப் பாத்திரம், அதே குடை. பின்வாசலைத் தட்டவில்லை. தள்ளித் திறந்து உள்ளே போனாள், தன் வீட்டுக்குள் போவது மாதிரி.

ஆக, ஆள் வருகிறது. எதற்கு மறைக்க வேண்டும்? பதிவில்லாத ஹோம்நர்ஸ், தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்துகிறவள் - எனக்குத் தோன்றியது அதுதான். போன வருஷம் இதே மாதிரி ஒரு வீட்டில் இருந்தது.

மையத்தின் விதிப்படி சந்தேகம் வந்தால் நோயாளியின் பொறுப்பாளரிடம் சொல்லலாம். பொறுப்பாளர் மகன். மஹேஷுக்குப் போன் பண்ணினேன். பின்வாசல் வழியாக ஒரு பெண் வந்துபோகிறாள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் திருப்பிக் கேட்டார், "கண்ணாடி போட்டிருந்தாங்களா? கழுத்துல இஞ்ச் டேப்பு தொங்கிச்சா?"

டேப்பை நான் கவனிக்கவில்லை. கண்ணாடி இருந்தது என்றேன்.

"தேங்க்ஸ் சிஸ்டர். இனி நான் பாத்துக்கிடுதேன்."

குரல் மாறிவிட்டது. தகப்பனாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது எனக்கு மகன் மேலேயும் சந்தேகம்.

ஜூன் 26, வியாழன்

செண்பகவல்லியம்மா போன் பண்ணினார். "நீங்க என்னைய பரீச்ச பண்ண வந்தீகளா, என் குடும்பத்த பரீச்ச பண்ண வந்தீகளா?" என்று கேட்டார். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் என்னவோ போல இருக்கிறது.

ஜூலை 2, புதன்

வர வேண்டாம் என்றாலும் போகாமல் இருக்க முடியுமா? போனேன். மஹேஷ் கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும், அப்பாவின் நெற்றி. கடைக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறாராம்.

பின்வாசலில் பூட்டு தொங்குகிறது. கடையில் இருந்து கொண்டுவந்த புதுப் பூட்டு.

பெரியவரைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடி முளைத்திருந்தது. சட்டையில் கஞ்சி காய்ந்து கிடந்தது. செண்பகவல்லியம்மாவின் முன்கையில் நகக்கீறல்கள். அவர் பக்கத்தில் போனாலே பெரியவர் கையை வீசுகிறார்.

நான் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும், கரண்டியைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டும், விழுங்குகிற வரை அடுத்த வாய் எடுக்கக் கூடாது, அவசரம் காட்டக் கூடாது. எல்லாம் செய்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். கஞ்சி என் மடியில். எனக்கு யார் மதிப்பெண் போடுவது?

மஹேஷ் போன் பேச வெளியே போனார். அந்த அம்மா என் மடியைத் துடைக்கத் துணி கொண்டுவந்தார். துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அவள் பெயர் ராகேல். சாலையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். மஹேஷ் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே பெரியவருக்கு அவளோடு தொடர்பு. ஊருக்கே தெரியும். வீட்டில் யாரும் வாயெடுத்துப் பேசியதில்லை. அவளை நினைத்து இந்த அம்மா அழாத நாள் இல்லை, ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

பிறகு நோய் வந்தது. ஒருநாள் மனைவி முகத்தைப் பார்த்தே "ராகே" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். சோற்றைத் தள்ளிவிட்டார்.

"அவ வேணும்னு கேக்காகன்னு நெனச்சேன். பட்டினியாக் கெடந்தா எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க? நானேதான் அவ கடைக்குப் போயி நின்னேன். பின்வாசல் வழியாத்தான் வரணும், மகனுக்குத் தெரியக் கூடாதுன்னேன். செரின்னா. வந்தா. அவ கையில ஒரு வட்டில் சோத்தையும் சாப்பிட்டாக."

அவள் ஊட்டும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அடுக்களையில. பாக்க மாட்டேன். சத்தம் மட்டும் கேக்கும்."

வாசலில் மஹேஷின் செருப்புச் சத்தம். அந்த அம்மா துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் என்னத்துக்குப் போன் பண்ணினேன்? எனக்கென்ன வந்தது?

ஜூலை 3, வியாழன்

நீ செய்தது விதிப்படி சரிதான் என்கிறார் சுப்ரியா மேடம். சரிதான்.

ஜூலை 4, வெள்ளி

அப்படியும் சந்தேகம் விடவில்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு எப்படி நம்புவது? ராகேல் எதற்காக வந்தாள்? இத்தனை வருஷம் எட்ட இருந்தவள் கூப்பிட்டதும் ஏன் ஓடி வர வேண்டும்? வீட்டின் மேல் கண்ணா? மாத்திரை ஏதாவது...?

கடையைக் கண்டுபிடித்தேன். ஒரே ஓர் அறை, இரண்டு மெஷின். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"தைக்கக் குடுக்க வந்ததில்லன்னு தெரியுது. நீங்க யாராக்கும்?"

சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே என்றாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள். நான் போலீஸ் என்றுதான் நினைத்தாளாம்.

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டேன். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, சலிப்புதான். அவரைக் கையைப் பிடித்து மொட்டை மாடியில் நடத்துவாளாம், மழை என்றால் கூடத்திலேயே. நடந்து, சாப்பிட்டு, களைத்துத் தூங்குவாராம். நெய்யாற்றின்கரையில் அவள் அம்மாவும் இதே நோயில்தான் கிடந்தாளாம், பார்த்துக்கொண்டது இவள்தான். இதெல்லாம் அங்கே படித்தது.

வீட்டைப் பற்றி நான் வாய் திறந்து கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு அங்க சுகமா இருக்கும்னா நெனச்சீங்க? அவரு என்னைய ராகேல்னு கூப்பிடுறாருன்னா வந்தேன்? அதுகூட இல்ல."

அப்போதுதான் சொன்னாள். முதல் நாள் அவள் பின்வாசல் வழியாக உள்ளே போனதும் பெரியவர் சிரித்திருக்கிறார். "வந்துட்டியா செண்பகம்" என்று கையைப் பிடித்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு இவள்தான் செண்பகவல்லி. வீட்டில் இருக்கிற மனைவி, ராகேல். ராகேல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாளே, செண்பகம் பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் அவருக்குப் பயம். அதனால்தான் மனைவி கையால் எதையும் வாங்குவதில்லை.

"என் கையைப் பிடிச்சிட்டே என்னைப் பத்தி மன்னிப்புக் கேக்குறாரு. 'அந்த ராகேய நான் கொண்டு வரல செண்பகம், நீ மனசுல வச்சுக்கிடாத, நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்'னு அழுறாரு. நான் செரி செரின்னு சோறூட்டுவேன்."

மெஷினில் கிடந்த துணியை இழுத்துச் சரி செய்தாள். செண்பகவல்லியம்மாவுக்கு இது தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து சஜியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவனுக்கு நினைவு தப்பினால் யார் பெயரைச் சொல்வான்? கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான், அந்தச் சிரிப்பையும் நான் ஆராய்ச்சி பண்ணுவேன்.

ஜூலை 10, வியாழன்

எழுத உட்கார்ந்தும் கை ஓடவில்லை. முதலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் செண்பகவல்லியம்மாவிடமிருந்து போன். பெரியவரைக் காணவில்லை. மஹேஷ் குளிக்கப் போன நேரம், முன்வாசல் வழியாகப் போய்விட்டார். பின்வாசலைத்தானே பூட்டியிருந்தார்கள். மஹேஷ் சந்து சந்தாக ஓடிக்கொண்டிருக்கிறார். போலீஸிலும் சொல்லியாயிற்று.

எங்கே போவார் என்று கேட்டேன். ஊருக்குப் போகணும் என்று நேற்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். தென்காசி. உடனே சஜிக்குப் போன் பண்ணி அடையாளம் சொன்னேன். லாட்ஜிலிருந்து இறங்கினால் பஸ் ஸ்டாண்டு. எனக்கென்னவோ அவன் தேட மாட்டான், 'பார்த்தேன், இல்லை' என்று சொல்லிவிடுவான் என்றே தோன்றியது. தேடியிருக்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்த்திருக்கிறான். தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று போன் வந்தது. கண்டக்டரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி வைத்திருந்தான்.

நான் போய்ச் சேரும்போது மஹேஷும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியவர் நனைந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் தோள் துண்டை விரித்துப் போட்டிருந்தார். மஹேஷ் எழுப்பப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் மணியைப் பார்த்தார்.

செண்பகவல்லியம்மா ஏறினார். கால் வழுக்கியது, நான் பின்னாலிருந்து தாங்கினேன். அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போனார். பெரியவர் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இங்க ஆளு இருக்கு. செண்பகம் வாரா. நீ எறங்கிரு ராகே, அவ பாத்தா வெசனப்படுவா."

அந்த அம்மா வழியில் நின்றார். கம்பியைப் பிடித்தபடி. மஹேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா மகன் பக்கம் திரும்பி, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்:

"சாலைக்குப் போயி அவளக் கூட்டிட்டு வா மஹேஷ். அவளப் பாத்தாத்தான் நான்னு நெனக்காக."

அப்படியானால் அந்த அம்மாவுக்குத் தெரியும்! முதலிலிருந்தே.

மஹேஷ் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படியே மழையில் இறங்கி எங்காவது போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார், முகம் கறுத்து. பிறகு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அவர் அவளை எப்படிக் கூப்பிட்டார், வழியில் என்ன பேசினார்கள், எனக்குத் தெரியாது. ஆட்டோ திரும்பி வந்தது. அவர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார், அவள் பின்னால். ராகேல் பஸ் படியில் ஏறியதும் பெரியவர் துண்டை எடுத்து இடம் விட்டார்.

"எங்க போயிட்ட செண்பகம்? வண்டி எடுக்கப் போறான்."

மழையில் வேண்டாம், நாளைக்குப் போவோம் என்றாள் ராகேல். செரி என்று எழுந்தார். கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். இருக்கைக்கு அடியில் கிடந்த அவர் செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு செண்பகவல்லியம்மா பின்னால் இறங்கினார்.

சஜி வழியில் நின்றவர்களை விலக்கிவிட்டான். நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் போனேன். முன்வாசலில் ராகேலின் செருப்பு கிடந்தது. பின்வாசலில் பூட்டு இல்லை. மஹேஷ் கடைக்குப் போய்விட்டாராம், சாப்பிடாமல். மகனுக்கு ஆறாது, ஆறுகிற காரியமா என்றார் அந்த அம்மா.

உள்ளே ராகேல் அவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அடுக்களையில். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ராகேலிடமாவது சொல்லியிருக்கலாமே, 'அவர் என் பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுகிறார், எனக்குக் கேட்கிறது' என்று.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"சொன்னா அவ சங்கடப்பட்டு வராமப் போயிருவா. அவ வராட்டா அவுக அதப் பேச மாட்டாக. மன்னிச்சுக்கோ செண்பகம்னு சொல்லுதாகல்லா... என் மொகத்தப் பாத்து ஒரு நாளும் சொன்னதில்ல சிஸ்டர். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் வாங்கிக்கிட்டேன்."

கண்ணைத் துடைத்தார். வெங்காயத்துக்காகவா என்று பார்த்தேன் - பார்க்கத்தான் செய்தேன், என் புத்தி அப்படி. பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஒரு நோயாளிக்கு வீட்டு ஆள் ஒருவர் என்பது கணக்கு. இந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இன்னொருவர் என்ன உறவு என்று சுப்ரியா மேடம் கேட்டார். ராகேல் எழுந்திருக்கப் பார்த்தாள். செண்பகவல்லியம்மா அவள் கையை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "எங்க வீட்டு ஆளுதான்" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வகுப்பில் அந்த அம்மா எல்லாவற்றுக்கும் மறுப்பு. நோயாளி சொல்வதைத் திருத்தாதீர்கள், அவர் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள் என்றேன். "இல்லாததுக்கு எப்படித் தலையாட்ட? அது பொய்யில்லையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓணக் கூட்டத்தில் சாலைக்குள் நுழையவே முடியவில்லை. ராகேல் கடையில் பிளவுஸ் குவிந்து கிடக்கிறது. அப்படியும் மத்தியானம் போய்விடுகிறாளாம். மஹேஷ் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவள் வருவதற்குள் கிளம்பிவிடுகிறார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அவங்க வந்தாச்சா' என்று மட்டும் போனில் அம்மாவிடம் கேட்பாராம். இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 12, புதன்

ஐப்பசி மழை, இங்கே துலாவர்ஷம். வேறொரு வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன், ராகேல் கடை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் கடையில் கேட்டால் சில நாளாகவே திறக்கவில்லை என்றார்கள். எங்கே போனாள் என்று தெரியாதாம்.

என் மனசு உடனே மஹேஷிடம் போய்விட்டது. விரட்டிவிட்டார். நாலு பேர் பேசியிருப்பார்கள், பொறுக்க முடியாமல் விரட்டியிருப்பார். பெரியவர் மறுபடியும் கன்னம் ஒட்டிக் கிடப்பார், அந்த அம்மா கையில் கீறலோடு உட்கார்ந்திருப்பார். போட்டதைப் போட்டபடி அந்தச் சந்துக்கு ஓடினேன்.

முன்வாசல் திறந்துதான் இருந்தது. செண்பகவல்லியம்மா என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பெரியவருக்கு எதிரே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் கஞ்சிக் கிண்ணம். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

ராகேல் ஊரில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளாம். அது பிறகு தெரிந்தது.

பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"ராகே, செண்பகம் எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

"நீ குடுத்து நான் குடிச்சேன்னு தெரிஞ்சா கோவப்படுவா."

"கோவப்பட மாட்டா" என்றார் செண்பகவல்லியம்மா. கரண்டியைக் கீழிருந்து மெல்லக் கொண்டுபோனார். "அவ கோவமெல்லாம் போயிட்டு. நான் அவகிட்டச் சொல்லிக்கிடுதேன், நீங்க குடிங்க."

பெரியவர் இன்னொரு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.